தீயணைப்புத் தலைமையும் அதன் ஆட்சிமுறையும்: பிரித்தானிய அனுபவம்

பொதுச் சேவையொன்றின் வரலாற்றை எழுதுவோர் அதன் கருவிகளின் வளர்ச்சியையும் ஊழியரின் வீரத்தையும் விரித்துரைப்பர். அச்சேவையை நடத்தும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அவர்கள் யாருக்குப் பொறுப்புக்கூறினர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் பின்தள்ளப்பட்டுவிடுகின்றன. பிரித்தானியத் தீயணைப்புச் சேவையைப் பொறுத்தவரை இவ்வினாக்களே அடிப்படையானவை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுக் காலத்தில் அதன் தலைமை பலமுறை கைமாறியது. அம்மாற்றங்களிற் பெரும்பாலானவை அழிவொன்றின் பின்னரே நிகழ்ந்தன என்பது சிந்தனைக்குரியது.

1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் இலண்டனில் தோன்றிய காப்புறுதிக் கம்பனிகள், தம் இழப்பைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டுத் தனித்தனியே தீயணைப்புக் குழுக்களை வைத்திருந்தன. 1833இல் பத்துக் கம்பனிகள் இக்குழுக்களை ஒன்றிணைத்து, எடின்பரோ நகரில் 1824 முதல் தீயணைப்புப் படையை நடத்திப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிறெய்ட்வூட்டைத் தலைவராக்கின. அவரது திறமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அவர் பதில்கூற வேண்டியிருந்தது காப்புறுதியாளருக்கே. நகரமக்களுக்குப் பதில்கூறும் கடப்பாடு அவருக்கு விதிக்கப்படவில்லை. எரியும் வீட்டிலிருந்து உயிர்களை மீட்கும் ஏணிகளைத் தனியானதோர் அறநிறுவனம் பராமரித்து வந்தமை இந்நிலையை நன்கு விளக்கும். உடைமை கம்பனிகளின் கவலையாயிற்று. உயிர் அறத்தின் கவலையாயிற்று.

1861 யூன் 22இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரூலி வீதிப் பண்டசாலைகளிற் பெருந்தீ மூண்டது. இடிந்து வீழ்ந்த சுவரின் அடியில் பிறெய்ட்வூட் உயிரிழந்தார். நட்டத்தைக் கண்டு கலங்கிய கம்பனிகள், தலைநகரின் பாதுகாப்பைத் தாம் இனிச் சுமக்க இயலாது என அரசாங்கத்துக்கு அறிவித்தன. அதன் விளைவே 1865ஆம் ஆண்டின் மாநகரத் தீயணைப்புப் படைச் சட்டமாகும். 1866 தொடக்கம் இலண்டன் படை மாநகரப் பொதுவேலைச் சபையின் கீழ் வந்தது. உள்ளூர் வரியும், அரசாங்கம் ஆண்டுதோறும் வழங்கிய 10,000 பவுணும், காப்புறுதியாளரின் பங்களிப்பும் அதன் வருவாயாயின. தீயணைத்தல் பொதுக்கடமை என்னும் கொள்கை இலண்டனிற் சட்டவடிவம் பெற்றது இவ்வாறே.

ஏனைய ஊர்களில் நிலைமை சீராக இருக்கவில்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டம் தீயணைப்பை உள்ளூர் மன்றங்களின் கட்டாயக் கடமையாக்கிய போதிலும், இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது நாட்டில் ஏறத்தாழ 1,600 படைகள் தனித்தனியே இயங்கின. ஜேர்மன் விமானங்கள் குண்டு பொழிந்த நாட்களில் இதன் விலை தெரிந்தது. குழாய் இணைப்புகளின் அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், அயலூரிலிருந்து உதவிக்கு வந்த படை நீர்க்குழாயைப் பொருத்த இயலாது இடர்ப்பட நேர்ந்தது. கட்டளையிடுவோர் எவர் என்பதிலும் தெளிவு இருக்கவில்லை. உள்நாட்டு அமைச்சர் ஹேபேட் மொரிசன் 1941 ஓகஸ்டில் இப்படைகள் யாவற்றையும் தேசியத் தீயணைப்புச் சேவை என ஒன்றாக்கினார். போர் முடிந்ததும் படைகள் உள்ளூராட்சிக்கே மீளும் என்ற உறுதியையும் அவர் வழங்கியிருந்தார்.

அவ்வுறுதி 1947ஆம் ஆண்டின் சட்டத்தாற் காப்பாற்றப்பட்டது. 1948 ஏப்பிரல் முதலாந் திகதி படைகள் உள்ளூராட்சிக்கு மீண்டன. போரின்போது பெற்ற ஒருமைப்பாடு முற்றாகச் சிதையாதிருக்கும் பொருட்டு மத்திய தீயணைப்புப் படைகள் ஆலோசனைச் சபையொன்றும் நிறுவப்பட்டது. மன்றங்களின் பிரதிநிதிகளும் ஊழியரின் பிரதிநிதிகளும் ஒருங்கே அமர்ந்த அச்சபைக்கு ஆலோசனை கூறும் உரிமை இருந்தது. கட்டளையிடும் அதிகாரம் இருக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அச்சபையை 2004ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது.

பின்னர் தேசிய அளவிலான தொழில்சார் தலைமை, பிரதம அதிகாரிகளின் சங்கத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. 2017 ஏப்பிரலில் அதன் இடத்தில் தேசிய தீயணைப்புத் தலைவர்கள் சபை தோன்றியது. முழுநேரத் தலைவர் ஒருவரைக் கொண்ட இச்சபை வழிகாட்டல்களை வகுக்கும். அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும். எனினும் ஒவ்வொரு படையும் தன் அதிகாரசபைக்கே கட்டுப்பட்டதாகலின், சபையின் சொல்லை ஏற்பதும் விடுவதும் அவ்வப் படையின் விருப்பாயிற்று. மேலும், நியமங்களை வகுக்கும் தலைவர்களே அந்நியமங்களாற் கட்டுப்பட வேண்டியவர்களாகவும் உள்ளனர். 1947இல் எழுந்த முரண்பாடு வேறுருவில் மீண்டும் தலைகாட்டியது எனலாம்.

சபை தோன்றிய மூன்றாம் மாதத்தில், யூன் 14இல், இலண்டன் கிறென்பெல் கோபுரத் தீயில் 72 பேர் மாண்டனர். 2009இல் அதே நகரின் லக்கானல் மாடிமனையில் அறுவர் மாண்ட தீயின் படிப்பினைகள் பயிற்சியாக மாறவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது. 2024 செப்டெம்பரில் வெளிவந்த அதன் இறுதியறிக்கை, இலண்டன் படையின் நிர்வாகத்திலும் தலைமையிலும் நெடுங்காலமாக இருந்துவந்த குறைபாட்டைச் சுட்டி, சுதந்திரமான தீயணைப்பு மீட்புக் கல்லூரியொன்றை நிறுவுமாறு விதந்துரைத்தது. 2025 பெப்ருவரியில் அரசாங்கம் அறிக்கையின் விதந்துரைகளை முழுமையாகவோ கொள்கையளவிலோ ஏற்றுக்கொண்டது.

அவ்வாறாயின் தீர்வு மத்திய அதிகாரம் மட்டுந்தானா? ஸ்கொத்லாந்து 2013இல் தன் எட்டுப் படைகளையும் ஒரே சேவையாக்கி, அமைச்சர்கள் நியமிக்கும் சபையொன்றின் கீழ் வைத்தது. ஒருமைப்பாடு கிட்டிற்று; உள்ளூர் மன்றங்கள் நேரடி ஆட்சியுரிமையை இழந்தன. வரி செலுத்தும் ஊரவரின் குரலை இழப்பதும் சிறிய இழப்பன்று. எனவே படையை யார் உடைமையாகக் கொள்கிறார் என்பதிலும் பார்க்க, ஓரிடத்திற் பெற்ற அறிவை எல்லா இடத்திலும் கட்டாயமாக்கும் அதிகாரம் எங்கே உள்ளது என்பதே முதன்மையான வினாவாகும். அவ்வதிகாரத்தைப் பெறும் அமைப்பு தன் உறுப்பினருக்கு மட்டுமன்றி, அவர்களுக்கு வெளியே நிற்கும் மக்களுக்கும் கணக்குக் காட்டவேண்டும். லக்கானலுக்கும் கிறென்பெலுக்கும் இடையே கழிந்த எட்டு ஆண்டுகள், ஆலோசனைக்கும் கடப்பாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தின் அளவாகும்.