2012: கிரிட் சரியவில்லை, கரண்டும் இல்லை

2012 ஜூலை 30இல் வடக்கிலும், மறுநாள் கிழக்கு, வடகிழக்கையும் சேர்த்து கிரிட் சரிந்தது. சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதிகள் இருண்டன. தமிழ்நாடு தப்பியது. நம்ம கிரிட் அவ்வளவு உறுதி என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில், தெற்கு கிரிட் மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் ஓடவில்லை. டிசி இணைப்புகள் வழியாகத்தான் தொடர்பு. அங்கே நடந்த சரிவு இங்கே தாவ வழியில்லை.

ஆனால் அதே வருஷம் நாமக்கல்லில் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் கட். வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் போதுமான லைன் இல்லாததும் ஒரு காரணம். காப்பாற்றியதும் அதுதான், வாட்டியதும் அதுதான்! ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கு இணைந்தது 2013 டிசம்பர் 31இல்.

ஆராய உட்கார்ந்தால் இங்கேதான் சிக்கல். கிரிட் சரிந்தால் விசாரணைக் குழு, அறிக்கை எல்லாம் வரும். கோழிப்பண்ணை ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலுக்கு யார் கணக்கு எழுதினார்கள்? பண்ணைக்காரர்களிடம் பழைய டீசல் பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அலைகிறேன்.