கைப்பும் துவர்ப்பும்

நாவறியும் சுவைகளைத் தமிழர் ஆறாக வகுத்தனர். அவற்றுள் இனிப்பை எவரும் எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. பிறந்த குழவியின் நாவில் ஒரு துளி சர்க்கரை நீர் பட்டால் அதன் முகம் மலர்கிறது. கைப்புப் பட்டால் சுளிக்கிறது. நச்சுத் தழைகளும் காய்களும் பெரும்பாலும் கைப்பனவாதலின், கைப்பை விட்டு விலகுதல் உயிர்காக்கும் இயல்பேயாகும். அவ்வாறிருந்தும் வளர்ந்த மனிதன் பாகற்காயை விரும்பி உண்கிறான். சித்திரைப் புத்தாண்டில் வேப்பம்பூவைப் பச்சடியில் இடுகிறான். சுண்டைக்காய் வற்றலைத் தேடி வாங்குகிறான். ஆகவே, ஹொப்ஸ் மிகுந்த அயர்லாந்துப் பியர் பழகினால்தான் பிடிக்குமா என்று வினவுவோர்க்குச் சுருங்கிய விடை, ஆம் என்பதே. ஆனால் அவ்விடையோடு வினா முடிந்துவிடுவதில்லை. பழக்கியவர் யார், பழகியவர் யார், அப்பழக்கத்தின் பயன் யாரைச் சேர்ந்தது என்பனவும் எண்ணத்தக்கன.

இவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல ஊர்களுள் ஒன்று இலங்கையின் ஊவா மாகாணத்துப் பண்டாரவளை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த அவ்வூரைச் சூழ்ந்த மலைநாட்டுக்கு 19-ஆம் நூற்றாண்டில் இரு புதிய பானங்கள் வந்தன. ஒன்று கைப்புடைய பியர். மற்றொன்று துவர்ப்புடைய தேநீர். இரண்டும் வெள்ளையரோடு வந்தவை. இரண்டும் பழகிய பின்னரே இனித்தவை. எனினும் அவற்றின் வரலாறுகள் இருவேறு திசையிற் சென்றன.

பியரின் கைப்புக்குக் காரணம் ஹொப்ஸ் என்னும் கொடியின் பூங்காய்கள். அவற்றிலுள்ள பிசின் கொதிக்கும் பார்லிச் சாற்றில் உருமாறிக் கைப்பைத் தருகிறது. இதனை மக்கள் முதலிற் சுவைக்காக மட்டும் சேர்த்தனர் எனல் பொருந்தாது. ஹொப்ஸ் இட்ட பானம் விரைவில் கெடுவதில்லை என்பதை 12-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் எழுதி வைத்தார். ஆங்கிலேயர் இந்தியாவில் ஆட்சி கொண்ட காலத்தில், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதங்கள் வெயிலிலும் அலையிலும் வரவேண்டிய பீப்பாய்களில் ஹொப்ஸை மிகுதியாக இட்டனர். கெடாமைக்காக இட்ட கைப்பு, நாளடைவில் அப்பானத்தின் சிறப்பாகவே மதிக்கப்பட்டது. தேவை முன்னே வந்தது. விருப்பம் பின்னே வந்தது.

தமிழர்க்கோ மதுவில் கைப்பு என்பது புதுமை. பெரும்பாணாற்றுப்படை கூறும் தோப்பி, அரிசியைக் கொண்டு இல்லத்திலே ஆக்கிய இனிய பானம். மலைவாணர் மூங்கிற் குழாயில் தேனை இட்டு முதிர்வித்த தேறலும் இனிப்பும் உறைப்பும் கலந்தது. பனங்கள்ளும் தென்னங்கள்ளும், ஊவாவின் காடுகளிற் கிடைக்கும் கித்துள் மரத்தின் கள்ளும் இறக்கியவுடன் இனிப்பவை. நேரம் செல்லச் செல்லப் புளிப்பவை. இவற்றுள் எதிலும் ஹொப்ஸின் கைப்பு இல்லை. ஆதலால் தென்னாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்க்குத் துரையின் பியர் அயலாரின் மருந்துபோல் தோன்றியிருக்கக் கூடுமேயன்றி விருந்துபோல் தோன்றியிராது.

அந்தப் பியரை மலையிலேயே வடிக்கும் முயற்சியும் விரைவில் தொடங்கிற்று. பின்னாளில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டறிந்து புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். அங்கு 1849-ஆம் ஆண்டில் பியர் வடிசாலை ஒன்றும் அவர் முயற்சியால் எழுந்தது. குளிர்ந்த காற்றும் தெளிந்த நீரும் அங்கே கிடைத்தன. ஆனால் ஹொப்ஸ் கொடி கோடையின் நெடிய பகலையும் மாரியின் கடுங்குளிரையும் வேண்டுவது. இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாயிருக்கும் இலங்கையில் அது செழிப்பதில்லை. ஆகவே கைப்பு மட்டும் கப்பலேறியே வரவேண்டியதாயிற்று. 1881-இல் நிறுவப்பட்ட சிலோன் புரூவரி நுவரெலியாவில் நூறாண்டுக்கு மேல் இயங்கியது. 1990-களில் அத்தொழில் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமைக்கு இறங்கியது. அதன் வழிவந்த லயன் ஸ்டவுட் என்னும் கரிய பியரை ஆங்கிலப் பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் பாராட்டி எழுதியதால் அது பிறநாடுகளிலும் அறியப்பட்டது.

ஸ்டவுட் என்றவுடன் அயர்லாந்து நினைவுக்கு வரும். 1759-இல் ஆர்தர் கின்னஸ் டப்ளின் நகரில் ஒரு வடிசாலையை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அந்நாட்டு ஸ்டவுட்டின் கருமைக்கும் கைப்பின் ஒரு பகுதிக்கும் வறுத்த பார்லியே காரணம். அயர்லாந்தில் ஹொப்ஸ் விளைவு அருகியதாதலின் அதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தனர். 1801-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கென வடித்த கின்னஸ் பானத்தில் ஹொப்ஸை மிகுத்ததும் கடற்பயணத்தை எண்ணியே. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிறு வடிசாலைகள் தோன்றின. 1996-இல் டப்ளினில் போர்ட்டர்ஹவுஸ், 2006-இல் கால்வே ஹூக்கர் என இவை ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. மணமும் கைப்பும் மிகுந்த வெளிர்நிறப் பியர்களும் அக்காலத்தில் அங்கே பரவலாயின. கரிய ஸ்டவுட்டில் ஊறிய அயர்லாந்தாரும் இப்புதிய கைப்பைப் புதிதாகவே பழக வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் பெயரைச் சுமந்து நிற்கும் சுவை, அந்நாட்டார்க்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று கொள்ளுதல் பிழை.

இனித் தேநீரின் கதையைக் காணலாம். ஊவா முதலிற் காப்பி நாடாக இருந்தது. 1869-இல் மடுல்சீமைப் பகுதியின் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே அதன் இடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவகாலத்தில் மட்டுமே ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு லயன் அறைகளில் நிலைத்தனர். 1894-இல் இருப்புப்பாதை பண்டாரவளையை அடைந்தது. 1924-இல் பதுளையை எட்டியது.

1890-இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன தோட்டத்தை வாங்கிய தாமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரிற் பிறந்தவர். அவருடைய பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். படகுப் போட்டிகளுக்காக அவர் கட்டிய கப்பல்களுக்கு ஷாம்ராக் என்று அயர்லாந்தின் மூவிலைப் புல்லின் பெயரையே சூட்டினார். அவர் செய்த வணிகப் புரட்சி எளியது. தேயிலையைச் சிறு பொட்டலங்களில், குறைந்த விலையில், ஏராளமான விளம்பரத்தோடு உழைப்பாளர் கைக்குச் சேர்த்தார். அயர்லாந்து மக்கள் இன்று ஆளொன்றுக்குத் தேநீர் மிகுதியாகப் பருகும் நாட்டினருள் முன்வரிசையில் நிற்கின்றனர். சாயம் மிகுந்த கடுந்தேநீரில் பாலைக் கலந்து பருகுவது அவர் வழக்கம். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொள்வதால் நாவின் இறுக்கம் தணிகிறது. இதுவும் பழகுதற்கு உதவிய ஓர் உபாயமே.

ஊவாத் தேயிலையின் தனிச்சிறப்பு யாது? தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவிலே தன் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட கச்சான் காற்றாய் ஊவாவின்மீது வீசுகிறது. சூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள அந்நாள்களில் செடி வாட்டமுற்றுத் தளிர் மெல்ல வளர்கிறது, கொழுந்தின் நிறை குறைகிறது, மணமோ திரள்கிறது. மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருளால் புதினாவை ஒத்த ஒரு குளிர்ந்த காரமணமும், அதனோடு கூர்மையான துவர்ப்பும் தோன்றுகின்றன. முதன்முறை பருகுவோர்க்கு இது தைலத்தை நினைவூட்டலாம். பழகியவர்களோ இதற்கென்றே உயர்ந்த விலை கொடுக்கின்றனர். கொழும்பில் 1883-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் ஏலத்தில் ஊவாப் பருவத்துக்குத் தனி மதிப்புண்டு. சுவை காண்போர் வெண்கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஓசையெழ உறிஞ்சி, உமிழ்ந்து, தரம் கூறுகின்றனர். அவர்களும் பல ஆண்டுப் பயிற்சியினாலேயே அத்திறம் பெறுகின்றனர்.

இத்துணை அருமையான கொழுந்தை நாள்தோறும் பறித்தவர்கள் என்ன பருகினர்? கஞ்சியும் கூழும் உண்டு வளர்ந்தவர்க்குத் தேநீர் பரம்பரைப் பழக்கம் அன்று. விடியற்காலைக் குளிரில் பிரட்டுக்களத்துக்குச் செல்லுமுன் உடலுக்குச் சூடு வேண்டியிருந்தது. பசியைச் சற்றே தள்ளிப்போட ஏதேனும் வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் சலித்தெடுத்த தரமான வகைகள் பெட்டிகளில் ஏறித் துறைமுகம் சென்றன. எஞ்சிய தூளே லயன் அறைக்கு வந்தது. அதைக் கொதிக்கவைத்த சாயத்தண்ணீரே, பால் இன்றி, சில வீடுகளில் கையிலே ஒரு வெல்லக்கட்டியோடு, காலை உணவின் பாதியாயிற்று. பெருந்துரைமாரின் நாவுக்குக் கைப்பைப் பழக்கியது கடற்பயணமும் கழகக் கூடங்களும். தொழிலாளியின் நாவுக்குத் துவர்ப்பைப் பழக்கியது வறுமை.

உலகச் சந்தையில் விலை வீழ்ந்த காலத்தில், 1932-இல், ஏற்றுமதித் தேயிலைமீது விதித்த தீர்வையைக் கொண்டு இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைக்கப்பட்டது. அந்நாளில் இந்தியாவிலும் ஊர்தோறும் தேநீரைக் காய்ச்சிக் காட்டிப் பழக்கினர். இதனால் ஓர் உண்மை விளங்கும். கூலி உயர்ந்து, பால் வாங்கவும் நல்ல தேயிலை வாங்கவும் வழியிருந்தால், மலைமக்களே பெருஞ்சுவைஞராயிருப்பர். இன்றும் இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதியாகிறது.

மதுவைப் பொறுத்த மட்டில் இன்னொரு கசப்பும் உண்டு. பியர் பங்களாவுக்குரியதாயிருந்தபோது, தோட்டத்தை அடுத்த தவறணைகளிற் சாராயமும் கள்ளும் விற்கப்பட்டன. கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. அதன் துன்பத்தைப் பெண்களும் பிள்ளைகளும் சுமந்தனர். 1912-ஆம் ஆண்டளவில் இலங்கையில் வலுப்பெற்ற மதுவிலக்கு இயக்கம் சாராய வருவாயை நம்பிய அரசை எதிர்த்தது. அங்காடியில் எளிதாய் வைக்கப்பட்டது எதுவோ அதுவே பழகும் என்பதை அவ்வியக்கத்தார் நன்கு உணர்ந்திருந்தனர். பழகிய சுவை என்ற சொல்லை வியந்து பேசுவோர் இப்பக்கத்தையும் மறத்தலாகாது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அங்கும் அவர்கள் கொழுந்தே பறித்தனர். அப்பயணத்தில் அவர்களிடமிருந்து எவரும் பறிக்கவியலாத சொத்து, மூன்று தலைமுறையாகக் கற்ற கைத்திறனும், சாயத்தண்ணீர் பழகிய நாவுமே.

ஆகவே, ஹொப்ஸின் கைப்பும் ஊவாவின் துவர்ப்பும் பழகிப் பெறும் சுவைகளே. பழகுதற்குப் பன்முறை நாவில் படுதல் வேண்டும். நல்ல துணை வேண்டும். ஓய்வும் கைப்பொருளும் வேண்டும். இவை வாய்த்தவர் எக்கைப்பையும் இன்பமாக்கிக்கொள்கின்றனர். கச்சான் காற்று வீசும் மாதங்களிற் பண்டாரவளைச் சரிவுகளிலே இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் பெண், தான் கிள்ளிய அக்கொழுந்தின் உயர்ந்த தேநீரைத் தன் வீட்டு அடுப்பில் காய்ச்சிச் சுவைத்து, நன்று என்றோ அன்று என்றோ தானே தீர்ப்புச் சொல்லும் நிலை வரவேண்டும். அதன் பின்னரே ஊவாவின் சுவைபற்றிய தீர்ப்பு முழுமை பெறும்.