புகை சென்ற வழி

மருதானை டவர் மண்டபம் 1911 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் திறக்கப்பட்டது. நூர்த்தி நாடகங்களால் கொழும்பின் அரங்க வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்ற மண்டபம் அது. பலர் ஒரே கூரையின்கீழ் அமரும் இத்தகைய இடங்களில் தீ மூளின் அவர்கள் எவ்வாறு வெளியேறுவர் என்னும் வினாவுக்கு, அதே ஆண்டில் எடின்பரோ நகரம் ஒரு விடை அளித்தது.

அவ்வாண்டு மே 9 ஆம் நாள் அந்நகரின் எம்பயர் அரங்கில் மாயவித்தைக் காட்சியின்போது மேடை தீப்பற்றியது. தீத்தடுப்புத் திரை இறக்கப்பட்டது. வாத்தியக் குழுவினர் அரச வாழ்த்தை இசைத்தனர். ஏறத்தாழ மூவாயிரம் பார்வையாளர் இரண்டரை நிமிடத்தில் வெளியேறினர் என்பர். மாண்டோர் மேடைப்புறத்து நின்றவர்களே. இவ்விரண்டரை நிமிடம் பின்னாளிற் பிரித்தானியக் கட்டட விதிகளுக்கு ஓர் அளவுகோலாயிற்று. ஆயின் அத்திரை தடுத்தது தீயை மாத்திரமன்று, புகையையுந்தான். காலக் கணக்கை நினைவிற்கொண்ட பலர் இதனை மறந்தனர்.

சூடேறிய புகை காற்றினும் இலேசானது. மேலெழுந்து கூரையைத் தொட்டதும் பக்கவாட்டிற் பரவி, நடைவழியின் மேற்பகுதியில் ஒரு படலமாக நகரும். சுவரிலும் கூரையிலும் பட்டு வெப்பத்தை இழக்க இழக்க அது தாழும். ஆதலால் தீயைக் கண்ணாற் காணாதவன் நிற்கும் நடைவழிக் கோடியிலும் புகை முக மட்டத்துக்கு இறங்கிவிடுதல் கூடும். நடைவழியில் மனிதன் புகையை முந்தலாம்; படிக்கட்டில் முந்துதல் அரிது. மேலேறும் படிக்கூடம் அடுக்களைப் புகைபோக்கியையே ஒக்கும். புகையிற் கலந்த காபனோரொட்சைட்டோ நிறமும் மணமும் அற்றது. குருதியில் ஒட்சிசனின் இடத்தைக் கைப்பற்றிக்கொள்வது.

இவ்வுண்மை புது டில்லியில் 1997 யூன் 13 ஆம் நாள் மிகக் கொடிய முறையில் வெளிப்பட்டது. உபஹார் திரையரங்கின் தரைத்தளத்திலிருந்த மின்மாற்றி அன்று காலையிலேயே ஒருமுறை தீப்பற்றி, அவசரத் திருத்தத்தின் பின் மீள இயக்கப்பட்டிருந்தது. மாலை ஐந்து மணியளவில் அது மறுபடியும் பற்றியது. எண்ணெயும் தரிப்பிட வாகனங்களும் எரிந்தன. புகை படிக்கூடத்தின் வழியே பல்கனிக்கு ஏறியது. விளக்குகள் அணைந்தன; அவசர விளக்கும் இல்லை, ஒலிபெருக்கி அறிவிப்பும் இல்லை. பல்கனியின் வலப்புற வெளிவாயிலோ, உரிமையாளர் குடும்பத்துக்கென அமைத்த எட்டு இருக்கைத் தனியிடத்தால் மறிக்கப்பட்டிருந்தது. அதிக இருக்கைகள் இடப்பட்டமையால் இடைவழிகளும் ஒடுங்கியிருந்தன. உரிமையாளரின் குற்றத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2014 இல் உறுதிசெய்தது.

அன்று 59 பேர் மாண்டனர். கீழ்மண்டபத்தில், தீக்கு அண்மையில் அமர்ந்திருந்தோர் தப்பி வெளியேறினர். மூச்சடைத்து மடிந்தோர் மேலே, சுவாலையைக் காணாத பல்கனியில் இருந்தவர்களே.