கொற்றலை ஆறு கற்பிக்கும் பாடம்

சென்னையின் ஆறுகள் எவை எனக் கேட்டால் கூவத்தையும் அடையாற்றையும் சொல்லி நிறுத்திக்கொள்வோர் பலர். எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாறு, அதாவது பழைய கொற்றலை ஆறு, அவர்களின் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக இந்நகரின் தாகம் தீர்த்தது இந்த ஆறே. ஆந்திரக் குன்றுகளில் பெய்யும் மழையை நகரி ஆறும் நந்தி ஆறும் சுமந்து வந்து இதில் சேர்க்கின்றன. எனவே இது இரு மாநிலங்களுக்கும் பொதுவான ஆறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு அமைத்து, இவ்வாற்று நீரைச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பினர். 1872 முதல் புழல் நீர் நகருக்கு வந்தது. மக்கள் பெருகவே, சத்தியமூர்த்தி மேயராயிருந்த காலத்தில், 1940-இல் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-இல் அது நிறைவுற்றபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அவர் பெயரை மட்டும் அது தாங்கி நிற்கிறது.

அதுவும் போதாத நிலையில் அண்டை மாநிலங்களின் உதவியை நாடினோம். 1976-இல் மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தத்தம் கிருஷ்ணா நீர்ப்பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. அளிக்க இசைந்தன. 1983-இல் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டியை அடைந்தது. மனம் இருந்தால் எல்லை கடந்தும் நீரைப் பகிரலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் கொற்றலையின் குறுக்கே ஆந்திரம் இரு அணைகள் கட்ட முற்படுவதாக 2022-இல் செய்தி வந்தபோது, தமிழக முதல்வர் கவலை தெரிவித்துக் கடிதம் எழுத நேர்ந்தது. பகிர்ந்துகொள்ளும் மனம் ஒருமுறை வாய்த்தால் போதாது. அதை நாளும் பேணவேண்டியுள்ளது.

இன்று காலநிலையும் மாறிவருகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்கிறது அறிவியல். ஆகவே பெய்தால் பெருமழை, பொய்த்தால் கடும் வறட்சி என்ற நிலை வலுக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவரின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது.

இரு மாநிலங்களில் பெய்த மழை இறுதியில் வடிய வேண்டிய வாசல் எண்ணூர். அந்த வாசலையோ நாம் அனல்மின் நிலையச் சாம்பலாலும் நிலமேட்டாலும் குறுக்கிவிட்டோம். வறட்சியில் ஆற்றுநீர் முகத்துவாரம் வரை வருவதில்லை. வெள்ளத்திலோ முழுச்சுமையும் அங்கே இறங்குகிறது. ஒப்பந்தங்கள் எழுதப்படும் மேசையில் அக்குப்பங்களின் மக்களுக்கு இடமில்லை.

திருநூலில் யோசேப்பின் வரலாற்றை அறிவோம். ஏழாண்டு வளத்தையும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் அவர் தனித்தனியே பார்க்கவில்லை. வளத்தின் நாளிலேயே பஞ்சத்தை நினைத்தார். ஒவ்வொரு நகரைச் சுற்றிய வயல்களின் விளைச்சலையும் அந்தந்த நகரிலேயே சேமித்தார். பஞ்சம் வந்தபோது, எல்லை கடந்து கானானிலிருந்து வந்தோருக்கும் களஞ்சியம் திறந்தது. வந்தவர்களுள் அவருக்குத் தீங்கிழைத்த சகோதரரும் இருந்தனர்.

நமக்கும் அதுவே வழி. இருபுறத்து ஊர் ஏரிகளும் தூர்வாரப்பட்டால், வெள்ளமே வறட்சிக்கான சேமிப்பாகும். மேலணை திறக்கும் செய்தி கீழூர்களுக்கு உரிய வேளையில் வந்தால் உயிர்கள் காக்கப்படும். கழிமுகம் அகலமாயிருந்தால் வெள்ளம் வடியும், மீனும் பெருகும். தூய குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்று 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வலியுறுத்தினார். அந்த உரிமை நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. குழாயைத் திறக்கும்போது, அந்நீர் புறப்பட்ட மலையூரையும், அது சென்று சேராத எண்ணூர்க் குப்பத்தையும் நாம் நினைத்துப் பார்ப்போமாக.