ரீசஸ் குரங்கு ஏற்றுமதி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட இந்தியாவில் பிடிக்கப்பட்ட ரீசஸ் குரங்குகள், அதாவது செம்முகக் குரங்குகள், மருத்துவ ஆய்வுக்காக அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளுக்குப் பெருந்தொகையாக அனுப்பப்பட்டன. 1978இல் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

ஜோனஸ் சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசி 1955இல் அமெரிக்காவில் உரிமம் பெற்றபோது குரங்குகளின் தேவை பன்மடங்கு உயர்ந்தது. வைரஸ் உயிருள்ள செல்களில் மட்டுமே பெருகும் என்பதால், குரங்கின் சிறுநீரகச் செல்களில் அதை வளர்த்து, பின்னர் ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து தடுப்பூசி தயாரித்தனர். சிறுநீரகத்துக்காகக் குரங்குகள் கொல்லப்பட்டன. அத்தடுப்பூசி எண்ணற்ற குழந்தைகளை இளம்பிள்ளை வாதத்திலிருந்து காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வகத்தை அடையுமுன்பே, நெரிசலான கூண்டுகளில் இறந்த குரங்குகளின் சாவை எந்த மருத்துவப் பயனாலும் நியாயப்படுத்த இயலாது. 1955 ஜனவரியில் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறி இறந்தபின், இந்தியா ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தி, மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசித் தயாரிப்புக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனையோடு மீண்டும் அனுமதித்தது.

இதற்கிடையே உள்நாட்டில், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாக, 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. எனினும் அதைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும், அறுவையின்போது மயக்க மருந்து அளிக்கவும், சிறிய விலங்கு போதுமான இடத்தில் பெரியதைத் தவிர்க்கவும் வழி செய்தது.

அமெரிக்கப் படைத்துறை ஆய்வகத்தில் இக்குரங்குகள் நியூட்ரான் கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்ட செய்தி 1977இல் இந்தியாவில் வெளியானது. ஏற்றுமதி நிபந்தனை மீறப்பட்டதை உணர்ந்த மொரார்ஜி தேசாய் அரசு தடை விதித்தது. நோய் தீர்க்கவென்று பெற்ற உயிர்களைப் போர்த் தேவைக்குப் பயன்படுத்தியது நம்பிக்கைத் துரோகமே என்பதால், அம்முடிவு முற்றிலும் நியாயமானது.

தடைக்குப்பின் அமெரிக்கா தன் மண்ணிலேயே குரங்கு வளர்ப்பை விரிவாக்கியது. தடுப்பூசித் துறையோ, காட்டுக் குரங்கின் செல்களில் எஸ்வி40 என்னும் வைரஸ் மறைந்திருப்பது 1960இல் தெரியவந்தது முதலே வேறு வழி தேடவேண்டிய நிலையில் இருந்தது. 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்டு, தொடர்ந்து பெருகக்கூடியதாக வளர்க்கப்பட்ட வீரோ செல்களில் இன்று போலியோ தடுப்பூசி பேரளவில் தயாராகிறது.