ஆண்டுக்கொரு முறை: அமெரிக்கக் கிறிஸ்துமஸ் படங்கள் நிலைபெற்ற வரலாறு

அமெரிக்க வீடுகளில் டிசம்பர் மாதம் ஓடும் படங்களுள் பலவற்றுக்கு அறுபது முதல் எண்பது வயதாகிறது. ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ 1946-இல் வந்த திரைப்படம். தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட சிறப்பு நிகழ்ச்சிகளுள் ருடால்ஃப் என்ற கலைமானின் கதை 1964-இலும், ‘எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்’ 1965-இலும், கிறிஸ்துமஸைத் திருடப்போன கிரின்ச்சின் கதை 1966-இலும் முதன்முதலாக ஒளிபரப்பாயின. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப் படங்கள் மூட்டை மூட்டையாக வந்திறங்கியும் இவற்றை அசைக்க முடியவில்லை. குழந்தைப் பருவ ஏக்கம்தான் காரணம் என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். ஏக்கம் தானாக முளைப்பதில்லை. ஒரே படம் ஒரே பருவத்தில் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது ஒரு தலைமுறையின் பொது நினைவாகும். அப்படித் திரும்ப வரவழைத்தவர்கள் யார், அதில் அவர்களுக்கு என்ன ஆதாயம் என்று தேடிப்போனால் விளம்பரதாரர்களிடமும் பதிப்புரிமைச் சட்டத்திடமும் போய் நிற்கிறோம். பண்டிகை நாட்காட்டிதான் இந்தப் படைப்புகளை வளர்த்தது. அதிலும் ஆழமாக வேரூன்றியவை, கொண்டாட்டத்துக்கு நடுவே துயரத்துக்கும் இடம் வைத்தவையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொலைக்காட்சியில் இவ்வழக்கத்தின் தொடக்கத்தை 1951 டிசம்பர் 24-இல் வைக்கலாம். அன்றிரவு என்.பி.சி. நிறுவனம், ஜியான் கார்லோ மெனோட்டி இயற்றிய ‘அமால் அண்ட் த நைட் விசிட்டர்ஸ்’ என்ற ஓபராவை நேரலையாக ஒளிபரப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே எழுதுவிக்கப்பட்ட முதல் ஓபரா அது. ஊன்றுகோலோடு நடக்கும் ஓர் ஏழைச் சிறுவனின் குடிசையில், குழந்தை இயேசுவைத் தேடிப் போகும் மூன்று அரசர்கள் ஓரிரவு தங்குகிறார்கள். செலவை ஏற்றது வாழ்த்து அட்டை விற்கும் ஹால்மார்க் நிறுவனம். பண்டிகையை நம்பி நடக்கும் தொழில் அது. வரவேற்பு பெருகவே ஆண்டுதோறும் ஒளிபரப்புவது மரபாயிற்று. 1963-இல் தாம் வெளிநாட்டில் இருந்தபோது எடுக்கப்பட்ட பதிவு மெனோட்டிக்குப் பிடிக்கவில்லை. 1966-இல் உரிமை தம் கைக்கு மீண்டதும், அந்தப் பதிவை ஒளிபரப்ப அவர் இசையவில்லை. இசை மேடைகளில் ‘அமால்’ இன்றும் டிசம்பர்தோறும் நிகழ்த்தப்படுகிறது; வீட்டுக் கூடத்திலிருந்து மட்டும் அது விலகிப்போயிற்று. படைப்பின் தரத்தில் எந்தக் குறையும் வரவில்லை. ஆண்டுச் சங்கிலி அறுந்தது, அவ்வளவுதான்.

1950-இல் பத்து அமெரிக்க வீடுகளில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. 1960-இல் ஏறத்தாழ ஒன்பதில் இருந்தது. இந்தப் பத்தாண்டில்தான் நிறுவனங்கள் ஒரு பாடம் கற்றன. 1939-இல் எம்.ஜி.எம். எடுத்த ‘த விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தை சி.பி.எஸ். 1956 நவம்பர் 3 அன்று, சிறுவர்கள் உறங்கப் போகும் நேரத்தில் ஒளிபரப்பியது. மூன்றாண்டு கழித்து, 1959 டிசம்பர் 13 அன்று, மாலை 6 மணிக்கு மாற்றியது. பிள்ளைகள் விழித்திருக்கும் அந்த வேளையில் கூட்டம் கூடியது. அன்று முதல் அது ஆண்டு வழக்கமாயிற்று. அந்தப் படத்தில் கிறிஸ்துமஸ் கிடையாது. ஆனாலும் வீட்டில் பதிவுசெய்யும் கருவி இல்லாத காலத்தில், ஓரிரவு தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு பழைய படத்தைப் பண்டிகையாக்கியது.

இந்தப் பாடத்தை விளம்பரதாரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ருடால்ஃப் பிறந்ததே வியாபாரத்தில்தான்: மான்ட்கோமரி வார்ட் என்ற பல்பொருள் அங்காடி, கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க 1939-இல் ராபர்ட் எல். மே என்ற தன் ஊழியரைக் கொண்டு எழுதுவித்த சிறு நூல் அது. பத்தாண்டுக்குப் பின் ஜானி மார்க்ஸ் அதைப் பாட்டாக்கினார். 1964 டிசம்பர் 6 அன்று ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செலவில் என்.பி.சி.யில் அது படமாக வந்தது. ஆர்தர் ரேங்கினும் ஜூல்ஸ் பாஸும் தயாரித்தார்கள் என்றாலும் பொம்மைகள் அசைந்த இடம் டோக்கியோ. அங்கே தடாஹிதோ மோச்சினாகாவின் குழுவினர் பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என்று பிடித்துப் பிடித்துக் கோத்தார்கள். கிறிஸ்துமஸின் அமெரிக்க முகம் ஜப்பானியக் கைவேலையில் உருவானது என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

இந்தப் படத்தின் முதல் ஒளிபரப்புக்குப் பின் நடந்ததை நான் முக்கியமான சான்றாகக் கருதுகிறேன். கதையில், குறையோடு செய்யப்பட்டதால் யாருக்கும் வேண்டாமல்போன பொம்மைகள் ஒரு தீவில் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு வழி செய்வதாக ருடால்ஃப் வாக்குக் கொடுக்கிறது. 1964 வடிவத்தில் அந்த வாக்கு நிறைவேறுவதைக் காட்டவில்லை. பார்த்தவர்கள் பொறுக்கவில்லை, முறையிட்டுக் கடிதம் எழுதினார்கள். 1965-இல் சான்டா அந்தத் தீவில் இறங்கிப் பொம்மைகளை ஏற்றிச் செல்லும் காட்சி புதிதாக எடுத்துச் சேர்க்கப்பட்டது. ஒரே ஒருமுறை ஒளிபரப்பாகி மறையும் நிகழ்ச்சிக்கு யாரும் இப்படித் திருத்தம் கேட்கமாட்டார்கள். அடுத்த ஆண்டும் இது நம் வீட்டுக்கு வரும் என்று எண்ணியவர்களின் குரல் அது. அவர்கள் மனம் போய் நின்ற இடமோ, ருடால்ஃபின் பளபளக்கும் சிவப்பு மூக்கை விட்டுவிட்டு, கைவிடப்பட்ட பொம்மைகளின் தீவு!

சார்லஸ் ஷுல்ஸின் சார்லி பிரவுன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். கிறிஸ்துமஸ் வந்தும் தனக்கு மகிழ்ச்சியே இல்லை என்று அவன் நண்பனிடம் சொல்வதில்தான் படம் தொடங்குகிறது. 1965-இல் கோகோ கோலா நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு ஒரு நிகழ்ச்சி தேடுவதாக அறிந்த தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், ஷுல்ஸுடனும் ஓவிய இயக்குநர் பில் மெலண்டஸுடனும் சேர்ந்து சுமார் ஆறு மாதத்தில் இதை முடித்தார். அன்றைய வழக்கத்துக்கு மாறானவை இதில் பல. பெரியவர்கள் குழந்தைக்குரலில் பேசாமல் குழந்தைகளே பேசினார்கள். சார்லியின் தங்கை சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்குப் படிக்கத் தெரியாததால் வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார்கள். பின்னணியில் பதிவுசெய்த சிரிப்பொலி இல்லை. இசை, வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் பியானோ. முன்னோட்டம் பார்த்த சி.பி.எஸ். அதிகாரிகளுக்கு உற்சாகம் வரவில்லை. கதை மெதுவாக ஊர்கிறது என்று நினைத்தார்கள். ஒளிபரப்பு நாள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 9 அன்று அது வெளியானபோது, அந்நேரம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதைத்தான் பார்த்தார்கள்.

இதன் நடுவில் ஒரு காட்சி இருக்கிறது. சார்லி பிரவுன் வாங்கிவந்த குட்டி மரத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் யாருமே இல்லையா என்று அவன் மனம் நொந்து கத்துகிறான். அவன் நண்பன் லைனஸ் மேடையின் நடுவே போய் நிற்கிறான். விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு, லூக்கா நற்செய்தியிலிருந்து இயேசு பிறந்த பகுதியை ஒப்பிக்கிறான். ஷுல்ஸ் வரைந்த படத் துணுக்குத் தொடரில் எப்போதும் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டே திரியும் பிள்ளை அவன். அஞ்சாதிருங்கள் என்று வானதூதர் சொல்லும் இடத்தில் அந்தப் போர்வையைக் கீழே போட்டுவிடுகிறான். அதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. பலமுறை பார்த்தவர்களுக்கே கண்ணில் படும் நுட்பம் இது. ஆண்டுதோறும் பார்க்கப்படுவதற்கு இவ்வளவு ஏற்ற படைப்பு வேறு கிடைப்பது அரிது. பண்டிகை வியாபாரமாகிவிட்டதே என்று வருந்தும் கதையை ஒரு குளிர்பான நிறுவனம் வாங்கியதும் உண்மை. அடுத்த ஆண்டு டிசம்பர் 18 அன்று சக் ஜோன்ஸ் இயக்கிய கிரின்ச் வந்தபோது, பரிசுப்பொருள் இல்லாமலும் பண்டிகை வரும் என்ற அந்தக் கதைக்கு வணிக வங்கிகளின் அமைப்பு ஒன்று பணம் கொடுத்தது. பணத்தின் நோக்கம் படைப்பைக் கெடுத்துவிடவில்லை என்பதை இந்த இரண்டையும் வைத்துச் சொல்லலாம்.

எல்லாவற்றையும்விட வினோதமான வரலாறு ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படத்தினுடையது. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்பவர் ஒரு சிறுகதை எழுதி, எந்த இதழும் வாங்காததால் 1943-இல் 200 பிரதி அச்சிட்டு நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். அது ஆர்.கே.ஓ. நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து இயக்குநர் ஃபிராங்க் காப்ராவிடம் வந்து சேர்ந்தது. போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டித் திரும்பிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்குப் போருக்குப் பிந்தைய முதல் படம் இது. 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் வெளியானது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றும் பரிசாகவில்லை. போட்ட பணமும் திரும்பவில்லை. காப்ராவின் லிபர்டி ஃபிலிம்ஸ் அடுத்த ஆண்டே பாரமவுண்டுக்கு விற்கப்பட்டது. வங்கி முதலாளியைக் கொடியவனாகக் காட்டுகிறது என்று எஃப்.பி.ஐ. ஒரு குறிப்புகூட எழுதிவைத்தது.

1974-இல் நடந்த ஓர் அலுவலகத் தவறு இதன் தலையெழுத்தை மாற்றியது. 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டு செல்லும். பிறகு விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். அப்போது உரிமை வைத்திருந்த நிறுவனம் புதுப்பிக்கவில்லை. ஊர் ஊருக்கு இருந்த சிறிய நிலையங்களுக்குப் படச்சுருள் கிடைத்தால் போதும், கட்டணம் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் டிசம்பர் மாதத்தில் ஒரே நாளில் பல சேனல்களில் இது ஓடியது. கிறிஸ்துமஸ் படம் என்று நினைத்துத் தாம் இதைத் தொடங்கவே இல்லை என்று முதிய காப்ரா சொல்லியிருக்கிறார். மூலச் சிறுகதையின் உரிமை மட்டும் உயிரோடிருந்தது. கதையின் உரிமை படத்தையும் கட்டுப்படுத்தும் என்று 1990-இல் வேறொரு படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பற்றிக்கொண்டு ரிபப்ளிக் பிக்சர்ஸ் 1993-இல் உரிமையை நிலைநாட்டியது. அடுத்த ஆண்டு ஒளிபரப்பு முழுவதும் என்.பி.சி.க்குப் போயிற்று. அதற்குள் இருபதாண்டு இலவச ஒளிபரப்பு தன் வேலையை முடித்திருந்தது.

இலவசம் மட்டும் போதுமென்றால், அதே சட்டத்தால் உரிமை இழந்த எத்தனையோ படங்கள் இன்று பண்டிகைப் படங்களாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இந்தப் படத்தின் நாயகன் ஜார்ஜ் பெய்லி, வெளியூர் போகும் கனவை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துச் சிற்றூரின் கடன் சங்கத்தைத் தாங்கி நிற்பவன். 8,000 டாலர் தொலைந்துபோக, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு ஆற்றுப் பாலத்தில் சாவதற்காக நிற்கிறான். அதற்கு முன் மதுக்கடையில் அமர்ந்து பிரார்த்திக்கும் காட்சியில் ஸ்டூவர்ட் திட்டமிடாமலே அழுதுவிட்டார். காப்ரா அதைத் தொலைவிலிருந்து படமெடுத்திருந்தார். மறுபடி எடுத்தால் அந்தக் கண்ணீர் வராது என்று ஆய்வகத்தில் படச்சட்டங்களைப் பெரிதாக்கி முகத்தை அருகே கொண்டுவந்ததாக ஸ்டூவர்ட் பின்னாளில் சொன்னார். முடிவில் ஊரார் பணம் கொட்டுகிறார்கள். ஆனால் பணத்தை ஒளித்துவைத்த முதலாளி பாட்டர் பிடிபடுவதே இல்லை. வயதான பிறகு பார்ப்பவருக்கு இந்தப் படம் வேறொன்றாகத் தெரிவது இதனால்தான். பத்து வயதில், ஜார்ஜைக் காக்க வரும் தேவதையைப் பார்த்தவர், நாற்பதில் கடனைப் பார்க்கிறார்.

மற்ற நாடுகளிலும் இதே பாதை தென்படுகிறது. ஜெர்மனியின் என்.டி.ஆர். 1963-இல் பதிவுசெய்த ‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற ஆங்கில நாடகத் துணுக்கு, 1972 முதல் புத்தாண்டுக்கு முந்திய இரவின் பிரிக்கமுடியாத பகுதியாகிவிட்டது. அதிலும் ஒரு மூதாட்டி, இறந்துபோன நான்கு நண்பர்களுக்கு நாற்காலி போட்டுப் பிறந்தநாள் விருந்து உண்கிறாள். மேலே சிரிப்பு, அடியில் தனிமை.

வீடியோ கேசட்டும் இணையமும் வந்தபின் காத்திருப்புக்குத் தேவை இல்லாமற்போயிற்று. ஆனால் அதற்கு நேர்மாறான வழக்கங்களும் உருவாயின. 1983-இல் ஓரளவே ஓடிய ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ படத்தை, 1997 முதல் டர்னர் நிறுவனத்தின் கேபிள் சேனல் கிறிஸ்துமஸையொட்டி 24 மணி நேரம் விடாமல் ஓட்டுகிறது. எப்போது பெட்டியைத் திறந்தாலும் ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வுதான் அங்கே விற்கப்படுகிறது. 2020-இல் சார்லி பிரவுன் உரிமை ஆப்பிளின் கட்டணச் சேவைக்குப் போனபோது எழுந்த எதிர்ப்பையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் படம் வட்டிலும் சேவையிலும் எளிதில் கிடைத்தது. எல்லோருக்கும் பொதுவான அலைவரிசையில் வரவில்லை என்பதே மக்களின் குறை. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். அதை ஒளிபரப்பியது, 2022-இல் அதுவும் நின்றது. 1972-இல் சி.பி.எஸ்.ஸுக்கு இடம்மாறிய ருடால்ஃப் மட்டும் 2024 டிசம்பரில், தன் அறுபதாம் ஆண்டில், முதலில் ஒளிபரப்பான என்.பி.சி.க்கே திரும்பி வந்தது.