இது எத்தனை அங்குலம்? சுவாமிமலை ஓலையும் ஒரு டிஎக்ஸ்எஃப் ஃபைலும்

இந்த எபிசோட் ஒரு பலகையில ஆரம்பிக்குது. தஞ்சாவூர் பக்கம் எங்க தாத்தாவோட பழைய வீட்டைப் பிரிச்சப்போ ஒரு தேக்குக் கதவு மிஞ்சுச்சு. அதுல உருப்படியா இருந்தது ஒரே ஒரு பலகை. என்கிட்ட ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் இருக்கு. பால்கனியில வெச்சு ஓட்டுற ஹாபி மெஷின். அந்தப் பலகையில ஒரு அன்னம் செதுக்கி அப்பாயிக்குக் கொடுக்கலாம்னு நினைச்சேன். ஒரு நண்பர் வரைஞ்சு டிஎக்ஸ்எஃப் ஃபைலா அனுப்பினார். டூல்பாத் போடுற சாஃப்ட்வேர்ல திறந்தேன். ஸ்கிரீன் முழுக்க அழகா அன்னம். ஆழம் 3 மில்லிமீட்டர், ஸ்டார்ட்.

ஒரு நிமிஷம்கூட ஆகல, மெஷின் வேலை முடிஞ்சதுன்னு நின்னுடுச்சு. பலகையோட நட்ட நடுவுல நகம் அளவுக்கு ஒரு குழி. 8 இன்ச் அன்னம் 8 மில்லிமீட்டர் ஆயிடுச்சு. அப்பாயி பார்த்துட்டு, "ஏன்டா தம்பி, மரங்கொத்தி கொத்தின மாதிரி இருக்கே?"ன்னு கேட்டாங்க.

தப்பு எங்கேன்னு பார்ப்போம். ஆட்டோகேட் 1982 டிசம்பர்ல வெளிவந்தது. வரைபடத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக அதோடு சேர்ந்து வந்த வடிவம்தான் டிஎக்ஸ்எஃப். உள்ளே இருப்பது வெறும் எண்கள். ஒரு கோடு 0-இல் தொடங்கி 8-இல் முடிகிறது என்று எழுதியிருக்கும். 8 என்ன? இன்ச்சா, மில்லிமீட்டரா, மைலா? கோடு சொல்லாது. அலகைக் குறிக்க ஃபைலின் தலைப்பகுதியில் ஒரு இடம் பிற்காலத்தில் வந்தது. ஆனா எழுதுற மென்பொருள் அதை நிரப்பாம விடலாம், படிக்கிற மென்பொருள் அதைக் கண்டுக்காம விடலாம். திறந்ததும் படத்தை ஸ்கிரீன் அளவுக்குப் பெரிசாக்கிக் காட்டுற பழக்கம் வேற. 8 மில்லிமீட்டர் அன்னமும் 8 இன்ச் அன்னமும் கண்ணுக்கு ஒண்ணுதான்.

வேடிக்கை என்னன்னா, மெஷினோட மொழியான ஜி-கோடுல இந்தக் குழப்பம் இல்ல. ஜி20 என்றால் இன்ச், ஜி21 என்றால் மில்லிமீட்டர். முதல் சில வரிகளிலேயே சொல்லிடலாம். வரைஞ்சவருக்கும் தெரியும், மெஷினுக்கும் தெரியும். நடுவுல கைமாறுற இடத்துலதான் அளவு தொலையுது. 25.4 மடங்கு வித்தியாசம்கூடப் பரவாயில்ல, உடனே கண்ணுல பட்டுடும். இங்க்ஸ்கேப் 2017 ஜனவரியில் 0.92 பதிப்பை வெளியிட்டபோது ஒரு இன்ச்சுக்கு 90 பிக்சல் என்ற பழைய கணக்கை 96 ஆக மாத்தினாங்க. பழைய கணக்குல 100 மில்லிமீட்டரா வரைஞ்சது புதுக் கணக்குல 93.75 தான். இது வெட்டி முடிச்சு, துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்துல, காவிரிக் கரையில் இருக்கிற சுவாமிமலை. புவிசார் குறியீடு பெற்ற வெண்கலச் சிலைகள் அங்கேதான் செய்யப்படுகின்றன. தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் கலந்த மெழுகில் சிலையை முதலில் உருவாக்குவார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். இதெல்லாம் பலருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது அதுக்கும் முந்தின படி: சாஸ்திரத்தில் இருக்கிற அளவு மெழுகுக்கு எப்படிப் போகுது?

ஒரு தென்னை ஓலை வழியா. செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு ஓலையை நீளமா நறுக்குறாங்க. பிறகு தாளக் கணக்குப்படி அதை மடிக்கிறாங்க. இதுக்குப் பேர் ஒடியோலை. ஒரு தாளம் 12 அங்குலம். சிவன், விஷ்ணு போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், அதாவது மொத்த உயரம் 124 அங்குலம். அம்மன் வடிவங்களுக்கு மத்திம தசதாளம், 120.

இங்கே கவனிங்க, இந்த அங்குலம் நம்ம ஸ்கேல்ல இருக்கிற அங்குலம் இல்ல. சிலை உயரத்தை 124-ஆல் வகுத்தா வருவதுதான் அந்தச் சிலையோட அங்குலம். 62 சென்டிமீட்டர் சிலைன்னா அங்குலம் 5 மில்லிமீட்டர். 31 சென்டிமீட்டர் சிலைன்னா 2.5. உயரத்தை மாத்துங்க, மூக்கு, முழங்கால், விரல் எல்லாம் தானா மாறும். இன்னைக்கு நாம பாராமெட்ரிக் டிசைன்னு சொல்றோமே, அதே விஷயம்.

சிற்ப நூல்கள் அங்குலத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. எட்டு யவை மணி சேர்ந்த நிலையான அளவு மானாங்குலம். ஆசிரியர் அல்லது செய்விப்பவரின் நடுவிரலிலிருந்து எடுப்பது மாத்திராங்குலம். சிலையின் உடலிலிருந்தே பெறுவது தேகலப்தாங்குலம். கோபிநாத ராவ் 1920-இல் தாளமானம் பற்றி எழுதிய நூலில் இதையெல்லாம் விரிவாகத் தந்திருக்கிறார். ஒரே சொல், மூணு அர்த்தம். ஆனா எந்த அங்குலம்னு வேலை தொடங்கும் முன்னாடியே முடிவாகிடும், அந்த முடிவு ஓலையா மாறி வேலை செய்யுற கைக்குப் பக்கத்துலயே கிடக்கும்.

ஓலை ரொம்பக் கொஞ்சம்தான் சொல்லுதுங்கிறதையும் ஒத்துக்கணும். அது ஒரு கோடு, அவ்வளவுதான். இடுப்பு எவ்வளவு வளையணும், உதடு எப்படி முடியணும் எல்லாம் ஸ்தபதியோட கை. மெஷினுக்கு அப்படிக் கை கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் எண்ணா வேணும். ஜான் பார்சன்ஸ் 1940-களில் ஹெலிகாப்டர் இறக்கைக்காகப் புள்ளிகளைக் கணக்கிட ஆரம்பிச்சதும், 1952-இல் எம்ஐடி எண்களால் ஓடும் மில்லிங் மெஷினைச் செய்து காட்டியதும் இந்தத் தேவையால்தான். அத்தனை எண்களுக்கும் பொதுவான அலகு தப்பினா, ஒரு புள்ளிகூட மிஞ்சாது.

சரி, சிலை கோயிலுக்குப் போனபிறகு? அங்கே ஓலை போகாது. இன்னொருத்தர் சரிபார்க்கணும்னா வெளியே இருக்கிற ஒரு அளவு வேணும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதுக்குப் பதில் இருக்கு. ராஜராஜனும் அக்கா குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றும் பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை என்று பதிவாகியிருக்கிறது. எந்த முழம்? கோயிலிலேயே வைத்திருந்த முழக்கோலால் அளந்ததுன்னு அதையும் வெட்டிவெச்சிருக்காங்க. பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்ற கல்லால். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான்னுதான் பேர், அது ராஜகேசரி மரக்காலுக்குச் சமம்னு ஒப்பீடும் உண்டு. 1010 வாக்கில், கல்லில், யூனிட் கன்வர்ஷனோட டேட்டா. நான் எழுதின கோடுலகூட இவ்வளவு ஒழுங்கா கமென்ட் இருந்ததில்ல.

நம்ம இன்ச்சே 25.4 மில்லிமீட்டர்னு சர்வதேச ஒப்பந்தமா நிலைச்சது 1959-ல தான்.

இதெல்லாம் படிச்ச பிறகு நண்பரோட படத்தோட மூலையில 100 மில்லிமீட்டர் சதுரம் ஒண்ணு சேர்க்கச் சொன்னேன். ஃபைலைத் திறந்ததும் முதல்ல சதுரத்தை அளக்குறேன், 100 வரலைன்னா மொத்தப் படத்தையும் அந்த விகிதத்துல மாத்துறேன், அப்புறம் சதுரத்தை அழிச்சுட்டுத்தான் டூல்பாத். அன்னம் இப்போ அதே பலகையோட மறுபக்கத்துல இருக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாயி அன்னத்தைக் காட்டிட்டு, பலகையைத் திருப்பிக் குழியையும் காட்டுறாங்க.